கணினி கேள்வி பதில்: வைத்தது எங்கே என்று தெரியாதபோது

சென்ற இதழில் கோப்புத் தேடல் பற்றியும் அதற்கு உதவும் 'எவ்ரிதிங்' மென்பொருள் பற்றியும் நான்கு வரி எழுதினேன். அதற்குப் பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியவை. ஆகவே இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சுன்னாகத்திலிருந்து ஓர் அச்சக உரிமையாளர்: எங்கள் கணினியில் 2004 முதல் செய்த திருமண அழைப்பிதழ்கள், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்கள், கல்வெட்டுகள் எனும் இறந்தவர் நினைவு நூல்கள் எல்லாம் இருக்கின்றன. விண்டோஸ் தேடற்பெட்டியில் பெயரைக் கொடுத்தால் மேலே பச்சைக் கோடு மெல்ல நகர்கிறது. தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் முடிவதில்லை. கடைசியில் ஒன்றுமில்லை என்கிறது. கோப்போ உள்ளேதான் இருக்கிறது. புதிய கணினி வாங்கவேண்டுமா?

வேண்டாம் ஐயா. அந்தப் பணத்தை வைத்திருங்கள். உங்கள் கணினிக்கு வயதானது காரணமல்ல, அது தேடும் முறைதான் காரணம்.

விண்டோஸ் தானாக அட்டவணைப்படுத்துவது, அதாவது முன்கூட்டியே பட்டியலிட்டு வைப்பது, பெரும்பாலும் பயனருக்குரிய கோப்புறைகளை மட்டுமே. ஆவணங்கள், படங்கள், முகப்புத்திரை போன்றவை அதில் அடங்கும். நாமோ யாழ்ப்பாணத்தில் என்ன செய்கிறோம்? வைரஸ் வந்து 'சி' டிரைவை அழித்தாலும் வேலை தப்பவேண்டும் என்று எல்லாவற்றையும் 'டி' டிரைவில் வைக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் 'டி' டிரைவு விண்டோசின் அட்டவணைக்கு வெளியே கிடக்கிறது. அங்கே தேடச் சொன்னால் ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்துக்கொண்டு போகிறது. அந்தப் பச்சைக் கோடு அதைத்தான் காட்டுகிறது.

ஒருவரின் வீட்டைக் கண்டுபிடிக்க ஊர் முழுக்கப் படலை படலையாகத் தட்டிக்கொண்டு போகலாம். அல்லது கிராம அலுவலரிடம் போய் அவருடைய பட்டியலைப் பார்க்கலாம். உங்கள் வன்தட்டிலும் அப்படியொரு பட்டியல் இருக்கிறது. என்ரிஎஃப்எஸ் என்ற கோப்பு முறை, அதாவது தட்டில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் முறை, 1993இல் விண்டோஸ் என்ரியுடன் வந்தது. இன்றைக்கு அநேகமான விண்டோஸ் கணினிகளின் வன்தட்டு இந்த முறையில்தான் இருக்கிறது. அதில் தலைமைக் கோப்பு அட்டவணை என்று ஒன்று உண்டு. தட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயரும் அளவும் திகதியும் அதில் பதிவாகியிருக்கும். கூடவே மாற்றப் பதிவேடு ஒன்றும் இருக்கிறது. எந்தக் கோப்பு புதிதாக வந்தது, எது அழிந்தது, எதற்குப் பெயர் மாறியது என்று அது குறித்துக்கொண்டே இருக்கும்.

'எவ்ரிதிங்' என்ற சிறிய மென்பொருள் இந்த இரண்டையும் நேரே வாசிக்கிறது. வொய்ட்டூல்ஸ் என்ற பெயரில் டேவிட் கார்பென்டர் வெளியிடும் இலவச மென்பொருள் இது. ஏறக்குறைய 1,20,000 கோப்புகளை ஒரு வினாடியிலும், 10 இலட்சம் கோப்புகளை ஒரு நிமிடத்திலும் பட்டியலிடும் என்பது அவர்கள் தரும் கணக்கு. நினைவகத்தில் முதலாவதற்கு 14 எம்பி, இரண்டாவதற்கு 75 எம்பி அளவுதான் எடுக்கும். 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினிக்கும் இது சுமையல்ல. பட்டியல் ஒருமுறை தயாரானால், நீங்கள் எழுத்தைத் தட்டத் தட்ட விடை சுருங்கிக்கொண்டே வரும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணினி திருத்தும் வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்தேன். கனடாவிலிருந்து வந்த ஓர் அம்மா, தன் தாயாரின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு ஒரு பிரதிகூடத் தன்னிடம் இல்லை, இன்னொரு முறை அச்சடித்துத் தரமுடியுமா என்று கேட்டு வந்தார். அந்தக் கல்வெட்டைத் தட்டச்சு செய்ததே நான்தான். தேவாரங்களுக்குப் பிறகு வரும் குடும்ப வரலாறு, கடைசிப் பக்கத்து வம்சாவளி, எல்லாம் எனக்கு நினைவிருந்தது. கோப்பின் பெயர் மட்டும் நினைவில்லை. மாலை நான்கு மணியிலிருந்து தேடினேன். ஏழு மணிக்கு அவருக்குக் கொழும்பு பஸ். போய்விட்டார். மூன்று நாள் கழித்து 'கடைசித் திருத்தம் 2' என்ற பெயரில் அது கிடைத்தது. அவருடைய முகவரியை நாங்கள் வாங்கி வைக்கவில்லை. அந்த மாலை இன்னும் என் மனதில் கிடக்கிறது.

நிறுவும் முறை சுலபம். வொய்ட்டூல்சின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். இலவச மென்பொருள்களைக் குவித்து வைத்திருக்கும் வேறு தளங்களுக்குப் போகவேண்டாம். முதன்முறை திறக்கும்போது எவ்ரிதிங் சேவையை, அதாவது பின்னணியில் ஓடி வன்தட்டை வாசிக்கும் பகுதியை, நிறுவவா என்று கேட்கும். அச்சகக் கணினியை நீங்கள் மட்டும் பயன்படுத்துவதானால் ஆம் என்று கொடுங்கள்.

பிறகு தேடும் விதம். இரண்டு சொற்களை இடைவெளி விட்டுத் தட்டினால் இரண்டும் உள்ள கோப்புகள் மட்டும் வரும். எது முன், எது பின் என்பது முக்கியமல்ல. கோப்பின் வகையை வைத்துத் தேட ஆங்கிலத்தில் ஈ, எக்ஸ், ரி என்ற மூன்று எழுத்துகளையும் முக்காற்புள்ளியையும் தட்டி, இடைவெளி விடாமல் வகையைச் சேருங்கள். கோறல்டிராவுக்கு சி, டி, ஆர். பேஜ்மேக்கர் 7க்கு பி, எம், டி. அதற்கு முந்திய 6.5க்கு பி, 6, 5. உங்கள் பழைய வேலைகளில் பல இந்தக் கடைசி இரண்டில்தான் இருக்கும். ஆண்டை வைத்துத் தேட டி, எம், முக்காற்புள்ளி, 2007 என்று கொடுங்கள். அந்த ஆண்டில் கடைசியாக மாற்றியவை எல்லாம் வரிசையாக நிற்கும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கணினியிலிருந்து கோப்புகளைப் புதியதற்குப் பிரதி செய்திருந்தால் 'உருவாக்கிய நாள்' பிரதி செய்த நாளாக மாறியிருக்கும். 'மாற்றிய நாள்' அப்படியே இருக்கும். அதனால் எப்போதும் மாற்றிய நாளை நம்புங்கள்.

அலமாரியில் சிடிகளும் இருக்கும் என்று நினைக்கிறேன். எவ்ரிதிங்கில் கோப்புப் பட்டியல் என்ற வசதி உண்டு. சிடியைப் போட்டு அதன் பெயர்களை ஒரு பட்டியலாகச் சேமித்துவிட்டால், பிறகு சிடி பெட்டியில் கிடந்தாலும் அதிலுள்ள பெயர்களைத் தேடலாம். சிடியின் மேல் எழுதிய இலக்கத்தையே பட்டியலுக்கும் பெயராக வையுங்கள். இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சிடிகள் பழுதாகுமுன் செய்துவிடுங்கள்.

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகி: நீங்கள் சொன்ன எவ்ரிதிங்கை நிறுவினேன். வன்தட்டில் வேகமாக வேலை செய்கிறது. பென் டிரைவில் உள்ளவை மட்டும் வரவில்லை.

பென் டிரைவுகள் அநேகமாக ஃபற்32 அல்லது எக்ஸ்ஃபற் என்ற வேறு கோப்பு முறைகளில் இருக்கும். அவற்றில் மேலே சொன்ன அட்டவணையும் இல்லை, மாற்றப் பதிவேடும் இல்லை. ரூல்ஸ் பட்டியில் ஒப்ஷன்ஸ் சென்று, அட்டவணைப் பகுதியில் அந்த டிரைவை ஒரு கோப்புறையாகச் சேருங்கள். அப்போது மற்ற மென்பொருள்களைப் போல நடந்து நடந்து வாசிக்கும், சற்று நேரமெடுக்கும். எக்ஸ்பி காலத்து வன்தட்டுகள் சிலவும் ஃபற்32இல் இருப்பதுண்டு. டிரைவின் மேல் வலது சொடுக்கி, இயல்புகளில் கோப்பு முறை என்ன என்று பாருங்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஓர் ஆசிரியர்: பாடசாலை அலுவலகக் கணினியில் இதை நிறுவலாமா? எங்கள் கோப்புகளின் பெயர்கள் இணையத்துக்குப் போய்விடாதா? அதிபர் பயப்படுகிறார்.

இணையத்துக்குப் போகாது. இணைய இணைப்பைக் கழற்றிவிட்டாலும் அது அப்படியே வேலை செய்யும், பட்டியல் உங்கள் கணினிக்குள்தான் இருக்கிறது. வலையமைப்பில் பகிரும் வசதிகள் அதில் உண்டு, தாமாக இயங்கா. நீங்களும் இயக்கவேண்டாம்.

ஆனால் அதிபர் பயப்படுவதற்கு வேறொரு நியாயமான காரணம் இருக்கிறது. எவ்ரிதிங் சேவை நிறுவப்பட்ட கணினியில், யார் எந்தக் கணக்கில் நுழைந்தாலும் தட்டில் உள்ள எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் பார்க்கலாம். அனுமதி இல்லாத கோப்பைத் திறக்க முடியாது. பெயர் மட்டும் தெரியும். தவணைப் பரீட்சை வினாத்தாளின் பெயரும், ஒரு பிள்ளையின் பெயருடன் சேர்ந்த ஒழுக்காற்றுக் கடிதத்தின் பெயரும் தெரிவது சரியல்ல. பிள்ளையின் மானம் கோப்பின் பெயரிலேயே போய்விடும். பலர் அமரும் கணினியில் சேவையை நிறுவவேண்டாம் என்பதே என் முடிவு. அதிபரின் சொந்த மடிக்கணினியில் தாராளமாக நிறுவுங்கள்.

கோப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்: கோப்பின் பெயர் நினைவில்லை. உள்ளே இருக்கும் ஒரு சொல் நினைவிருக்கிறது. 'கோயில்' என்று தமிழில் தட்டித் தேடினால் ஒன்றும் வரவில்லை. அந்தக் கடிதத்தைத் திறந்தால் கோயில் என்றுதான் இருக்கிறது. இது என்ன மாயம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் ஐயா. தமிழில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்கவேண்டும்.

உங்கள் கடிதம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. நம் ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக அச்சகமும் கந்தோரும் பாமினியில்தான் எழுதின. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று நீங்கள் எழுதியதாக நினைப்பது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் உடை போர்த்திக் காட்டுகிறது. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் இன்றைய முறையான யூனிகோட்டில் நீங்கள் 'கோயில்' என்று தேடும்போது, கணினி உண்மையான தமிழ் எழுத்தைத் தேடுகிறது. அது அந்தக் கோப்பில் எங்குமே இல்லை. எந்தத் தேடற்கருவியைக் கொண்டுவந்தாலும் இதே கதைதான்.

வழி இருக்கிறது. விசைப்பலகையை ஆங்கிலத்திலேயே விடுங்கள். பாமினியில் 'கோயில்' தட்டும்போது உங்கள் விரல்கள் எங்கெங்கே போகுமோ அந்த விசைகளையே தேடற்பெட்டியில் தட்டுங்கள். பெரிய என், எஃப், எச், ஏ, பி, வை, அரைப்புள்ளி என்று ஏதோ ஆங்கிலக் குப்பை போலத் தெரியும். அதையே தேடுங்கள். கடிதம் வரும். பாமினியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. சிறிய என் எகரக் கொம்பு, பெரிய என் ஏகாரக் கொம்பு. ஆகவே பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும் தெரிவை இயக்கிவிடுங்கள்.

இதற்கு எவ்ரிதிங் ஏற்றதல்ல. அது பெயரைத் தேடப் பிறந்தது. அதன் 1.4 பதிப்பில் உள்ளடக்கத்தைத் தேடும் கட்டளை உண்டு என்றாலும் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்ப்பதால் மிக மெதுவாகவே நகரும். ஏஜென்ட் ரான்சாக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அட்டவணை எதுவும் போடாமல், தட்டிய எழுத்துகளை அப்படியே கோப்புகளுக்குள் தேடும். முழு வன்தட்டையும் கொடுக்காதீர்கள். கடிதங்கள் உள்ள கோப்புறையையும் வேர்ட் வகையையும் மட்டும் கொடுங்கள். நாள்தோறும் நூற்றுக்கணக்கான ஆவணங்களுக்குள் தேடுபவர்களுக்கு டொக்ஃபெச்சர் நல்லது. ஒருமுறை எல்லாவற்றையும் வாசித்துத் தன் அட்டவணையை எழுதிக்கொள்ளும், பிறகு உடனுக்குடன் விடை தரும்.

யூனிகோட்டிலேயே எழுதியவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 'கொ' என்பதை யூனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலும் இரண்டு தனிக் குறிகளாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோஸ் கோப்பின் பெயரை எப்படி எழுதினோமோ அப்படியே வைத்துக்கொள்ளும், ஒன்றை மற்றதாக மாற்றாது. பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு அவசரமாக மாற்றிய கோப்புகளில் இரண்டாவது விதம் நிறைய அகப்படும். 'கொழும்பு' வராவிட்டால் 'ழும்பு' என்று மட்டும் தேடுங்கள். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இதேபோல இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. பெயரில் ஸ்ரீ வருபவர்களின் கோப்பைத் தேடும்போது அந்த எழுத்தை விட்டுவிட்டு மீதியைத் தேடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து பல்கலைக்கழக மாணவி ஒருவர்: 'நூலகம்' என்ற இணைய ஆவணகத்திலிருந்து பல பழைய இதழ்களை இறக்கி வைத்திருக்கிறேன். எவ்ரிதிங்கில் இதழின் பெயரைத் தேடினால் வருவதில்லை.

தங்கச்சி, அங்கிருந்து இறக்கும் கோப்புகளுக்கு இலக்கமே பெயர். நூலக எண் எதுவோ அதுதான் கோப்பின் பெயராக வரும். இறக்கிய கையோடு அந்த இலக்கத்தின் பின்னால் இதழின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துவிடுங்கள். இலக்கத்தை அழிக்கவேண்டாம், ஆய்வில் மேற்கோள் காட்டும்போது திரும்பிப் போக அது உதவும்.

உள்ளே தேடுவது பற்றியும் கேட்பீர்கள். பக்கங்களைப் படம் பிடித்து வைத்த கோப்பில் எழுத்து இல்லை, படம்தான் இருக்கிறது. கூகிள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு பிரித்துத் தரும். இணையம் இல்லாமல் செய்ய ரெசராக்ட் என்ற திறந்த மூல மென்பொருளில் தமிழுக்கான தரவு உண்டு. பழைய ஈய அச்சில் பிழைகள் அதிகம் வரும், அதைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; மேற்கோளை மூலப் பக்கத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

நெல்லியடியிலிருந்து ஒரு காணொளித் தொகுப்பாளர்: என்னிடம் இருப்பது அப்பிளின் மக் கணினி. எவ்ரிதிங் கிடைக்குமா?

கிடைக்காது தம்பி. 2005இல் வந்த ரைகர் பதிப்பிலிருந்து மக்கில் ஸ்பொட்லைட் என்ற தேடல் வசதி இருக்கிறது, அது உள்ளடக்கத்தையும் தேடும். தேடல் குழம்பினால் உங்கள் தட்டை ஸ்பொட்லைட்டின் தனியுரிமைப் பட்டியலில் ஒருமுறை சேர்த்து, பிறகு நீக்குங்கள். அட்டவணையைப் புதிதாக எழுதத் தொடங்கும். பெயரை மட்டும் வைத்து மூலைமுடுக்கெல்லாம் தேட ஃபைண்ட் எனி ஃபைல் இருக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எவ்ரிதிங்கின் பாணியிலேயே செய்யப்பட்ட எஃப்சேர்ச் உண்டு.

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்: எவ்ரிதிங் வந்த பிறகு விண்டோசின் சொந்தத் தேடலை நிறுத்திவிடலாமா? பழைய வன்தட்டு ஓயாமல் இரைகிறது.

முழுதாக நிறுத்தவேண்டாம். அவுட்லுக்கில் மின்னஞ்சல் தேடுபவராக இருந்தால் அந்தத் தேடல் இதை நம்பித்தான் இருக்கிறது. அமைப்புகளில் விண்டோஸ் தேடல் என்ற பகுதிக்குப் போய், கோப்புத் தேடலை 'கிளாசிக்' என்பதில் வையுங்கள். 'என்ஹான்ஸ்ட்' என்பதில் இருந்தால் முழுக் கணினியையும் வாசிக்கும், இரைச்சல் அதனால்தான். அன்றாடத் தேடலுக்கு எவ்ரிதிங்குக்கு ஒரு குறுக்குவிசை கொடுத்துக்கொள்ளுங்கள். தேடற்பெட்டி பணிப்பட்டையிலேயே இருக்கவேண்டும் என்றால் எவ்ரிதிங்ரூல்பார் என்ற இணைப்பு மென்பொருள் அதைச் செய்யும்.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பெரியவர்: என் மனைவி 2010 அளவில் திருவாசகம் பாடியதை நொக்கியா தொலைபேசியில் பதிந்தேன். மகன் அதைக் கணினியில் போட்டதாகச் சொன்னான். அவன் இப்போது நோர்வேயில். அவள் போன தைப்பூசத்துக்கு முன் காலமாகிவிட்டாள். கோப்பின் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன்.

நொக்கியாவின் குரற்பதிவு ஏஎம்ஆர் என்ற வகையில் சேமிக்கும். எவ்ரிதிங்கைத் திறந்து ஈ, எக்ஸ், ரி, முக்காற்புள்ளி, அதன்பின் ஏ, எம், ஆர் என்று தட்டுங்கள். பெயர் தேவையில்லை. பொதுவாக ஒரு கணினியில் இந்த வகைக் கோப்புகள் சிலவே இருக்கும். மேலே 'மாற்றிய நாள்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் திகதி வரிசையில் நிற்கும். 2009 முதல் 2011 வரை உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சாதாரண இசை மென்பொருளில் ஓடாவிட்டால் விஎல்சியில் ஓடும். ஏஎம்ஆரில் ஒன்றும் இல்லையென்றால் மூன்று, ஜி, பி என்ற வகையையும் பாருங்கள். காணொளியாகப் பதிவாகியிருக்கக்கூடும். இரண்டும் இல்லையென்றால் மகன் பழைய சிடியிலோ மெமரி கார்ட்டிலோ வைத்திருப்பார், அவரிடம் அதைக் கேளுங்கள். அதுவரை அந்தக் கணினியில் புதிதாக எதையும் பிரதி செய்யவேண்டாம், விண்டோசையும் மறுபடி போடவேண்டாம். தவறுதலாக அழிபட்டிருந்தாலும் மீட்க இடமிருக்கும்.

கிடைத்ததும் முதலில் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். பெயரை மாற்றி அம்மாவின் பெயரையும் பாடலின் முதலடியையும் எழுதுங்கள். தனியாகச் செய்ய முடியாவிட்டால் இதழின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை, பருத்தித்துறை பஸ் எடுத்து நானே வந்து தேடித் தருகிறேன்.